ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காலேஜ் தர மாட்டேங்குது, என்ன செய்யலாம்?

கேள்வி, 14 ஆகஸ்ட் 2024

அக்கா, தம்பிக்கு கட்ஆஃப் 171. எதுவும் கிடைக்காம போயிடுமோன்னு பயந்து மே மாசமே ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேர்த்துட்டோம். 85,000-க்கு ரசீது குடுத்தாங்க. தனியா 50,000 ரொக்கமா வாங்கினாங்க, அதுக்கு ஒரு துண்டுச் சீட்டுதான். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி. எல்லாம் அவங்ககிட்ட இருக்கு. இப்போ கவுன்சிலிங்ல அரசு காலேஜ்லயே மெக்கானிக்கல் வந்திருக்கு. போய்க் கேட்டா, "நாலு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க"ன்றாங்க. அவங்களுக்கு அந்த உரிமை இருக்கா?

14 ஆகஸ்ட், மதியம்

இல்ல. ஆனா அதை அப்புறம் பேசலாம். முதல்ல அலாட்மென்ட் ஆர்டரை எடுத்துக்கிட்டு அரசு காலேஜுக்குப் போங்க தம்பி. ரிப்போர்ட் பண்ற கடைசி நாள் தாண்டிட்டா சீட்டு போயிடும், அதுக்கப்புறம் சர்டிபிகேட்டை வாங்கி என்ன பண்றது? ஒரிஜினல் எங்க மாட்டியிருக்குன்னு ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி, எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் வெச்சு, பிரின்சிபால்கிட்ட நேர்லயே குடுங்க. ஃபீஸை இன்னைக்கே கட்டுங்க. அட்மிஷன் கமிட்டியில உக்கார்ற வாத்தியாருங்க வருஷா வருஷம் இந்தக் கதையைக் கேக்கிறவங்க. கெஞ்ச வேண்டாம், விவரத்தை மட்டும் சொல்லுங்க, டைம் குடுப்பாங்க.

சாதிச் சான்று இ-சேவையில வாங்கினதா இருந்தா திரும்ப டவுன்லோடு பண்ணிக்கலாம். மார்க் ஷீட் டிஜிலாக்கர்ல கிடைக்கும். சிக்கல் டி.சி.தான்.

14 ஆகஸ்ட், ராத்திரி

மதியம் அவசரத்துல எழுதினேன், இப்போ விதியைச் சொல்றேன். 2018 அக்டோபர்ல யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு அறிவிக்கை போட்டிருக்கு. சேரும்போது ஒரிஜினலைப் பார்த்துச் சரிபார்த்துட்டு அந்த இடத்துலயே திருப்பித் தரணும், காலேஜ் கஸ்டடியில வெச்சுக்கக் கூடாது, சுய சான்றொப்பம் போட்ட நகல் போதும். இன்ஜினியரிங் காலேஜுக்கு அனுமதி தர்ற மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யோட கையேடும் இதைத்தான் சொல்லுது.

பணம் திரும்பக் கிடைக்கிறதுக்கும் அதே அறிவிக்கையில அட்டவணை இருக்கு. சேர்க்கை முடியற கடைசி நாளுக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ முன்னாடி விலகினா 100 சதவீதம், 15 நாளுக்கும் குறைவா இருந்தா 90, கடைசி நாளுக்கு அப்புறம் 15 நாளுக்குள்ள 80, 15-லிருந்து 30 நாளுக்குள்ள 50, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. முழுசா திருப்பித் தரும்போது மட்டும் அதிகபட்சம் 5,000 வரைக்கும் பிடிச்சுக்கலாம்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. கொங்குப் பக்கம் ஒரு காலேஜ்ல 11 வருஷம் அட்மிஷன் செக்‌ஷன்ல இருந்தேன். பேர் வேண்டாம். என் நாற்காலிக்குப் பின்னாடி மூணு இரும்பு பீரோ, ஒவ்வொண்ணுலயும் வருஷம் எழுதின சீட்டு ஒட்டியிருக்கும். உள்ள நம்பர் போட்ட பிளாஸ்டிக் கவர், ஒரு கவர்ல ஒரு பிள்ளையோட மொத்தப் படிப்பு. சாவி என் இடுப்புல. கவரை எடுக்கணும்னா ஒரு பச்சை நோட்டுல எழுதி சேர்மன் ஆபீஸ்ல கையெழுத்து வாங்கணும். நாலு வருஷமும் அப்படியே கிடக்கும். பேங்க் லோனுக்கு ஒரிஜினல் காட்டணும்னா ஒரு அட்டெண்டர் கூடவே போய், காட்டிட்டு திரும்பக் கொண்டுவந்து உள்ள வைப்பார். இது தப்புன்னு முதல் ரெண்டு வருஷம் எனக்குத் தோணவே இல்ல. எல்லாக் காலேஜ்லயும் அப்படித்தான்னு நெனச்சிருந்தேன்.

15 ஆகஸ்ட்

நேத்து ராத்திரி போட்ட அட்டவணையை இந்த வருஷத்துக்கு எடுத்துக்காதீங்க. கவுன்சிலிங் எல்லாம் தள்ளிப் போகுதுன்னு 2024-25-க்கு யு.ஜி.சி. தனியா ஒரு கொள்கை அறிவிச்சிருக்கு. செப்டம்பர் 30 வரைக்கும் விலகினா முழுத் தொகையும் திரும்பத் தரணும், ஒரு ரூபா பிடிக்கக் கூடாது. அக்டோபர் 31 வரைக்கும்னா 1,000 மட்டும் பிடிச்சுக்கலாம். அதுக்கு அப்புறம்தான் 2018 அட்டவணை. மன்னிக்கணும், பழைய தாளை வெச்சுக்கிட்டு எழுதிட்டேன்.

அதனால உங்களுக்கு 85,000-மும் வரணும். கடிதத்துல அதைத்தான் கேக்கணும்.

17 ஆகஸ்ட்

"வாயால சொல்லிட்டோம், யோசிச்சுச் சொல்றோம்னாங்க"ன்னு எழுதியிருக்கீங்க. வாயால சொன்னதுக்குத் தேதி கிடையாது தம்பி. அக்டோபர் தாண்டினதும், "பையன் இப்பதான் வந்து கேக்கிறான்"னு சொல்வாங்க. நான் இருந்த இடத்துல அப்படித்தான் செய்வாங்க. மேனேஜர் இல்ல, சேர்மன் ஊர்ல இல்ல, திங்கக்கிழமை வாங்க. எட்டு திங்கக்கிழமை வந்துபோன ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் லாரி ஷெட்டுல லீவு சொல்லிட்டு வருவார், பெஞ்சுல உக்காருவார், மூணு மணிக்கு எழுந்து போவார். அவர் ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா எங்க ஆபீஸ் வேற மாதிரி நடந்திருக்கும். எழுதி வந்த கடிதத்தை இன்வேர்டு நோட்டுல ஏத்தியாகணும், ஏத்தினா யாராவது பதில் சொல்லியாகணும். அந்த பயம் நிஜமாவே இருந்துச்சு.

இப்படி எழுதுங்க, நீட்ட வேண்டாம்:

"நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்த நாள் இது. இன்றைய தேதியில் விலகுகிறேன். நான் கொடுத்த அசல் சான்றிதழ்கள் இவை: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்று. யு.ஜி.சி.யின் 2018 அறிவிக்கையின்படியும் 2024-25 கட்டணத் திருப்பக் கொள்கையின்படியும் சான்றிதழ்களையும் செலுத்திய கட்டணத்தையும் ஏழு நாட்களுக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கையெழுத்து உங்க தம்பியோடது இருக்கணும், உங்களோடது வேண்டாம். ரசீது நகலை இணைங்க. பதிவுத் தபால்ல, ஒப்புகை அட்டையோட அனுப்புங்க. அதே நாள் காலேஜ் மெயிலுக்கும் ஒரு ஸ்கேன். பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு நகல், கடிதத்துக்குக் கீழ "நகல்" னு போட்டு அவர் பதவியையும் எழுதுங்க. அந்த "நகல்" வரியைத்தான் எங்க ஆபீஸ்ல முதல்ல படிப்பாங்க.

18 ஆகஸ்ட்

50,000 பத்தி மறுபடி கேட்டிருக்கீங்க. அதுக்குத்தான் சட்டமே இருக்கு. 1992-ல தமிழ்நாட்டுல கொண்டுவந்த கேபிடேஷன் கட்டணத் தடைச் சட்டம். நிர்ணயிச்ச கட்டணத்துக்கு மேல எந்தப் பேர்ல வாங்கினாலும் குற்றம். குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை, அதோட அபராதம். அபராதம் 5,000 வரைக்கும்தான்.

அந்த 5,000-ஐ ரெண்டு தடவை படிச்சுப் பாருங்க. 1992-லயே அது பெரிய தொகை இல்ல.

11 வருஷத்துல இந்தச் சட்டத்துல ஒருத்தர் மேலயாவது வழக்கு வந்து நான் பார்த்ததில்ல. காரணம் ரசீது. எங்ககிட்ட ரெண்டு ரசீதுப் புக் இருந்துச்சு. நீலம் காலேஜ் பேர்ல, சிவப்பு டிரஸ்ட் பேர்ல. சிவப்புல "கட்டட நிதிக்கு மனமுவந்து அளித்த நன்கொடை"ன்னு அச்சடிச்சிருக்கும். விவரம் தெரிஞ்சவங்க கேட்டா சிவப்பு கிழியும். கேக்காதவங்களுக்கு, உங்களுக்குக் குடுத்த மாதிரி, காலண்டர் பின்பக்கத்துல வெட்டின ஒரு துண்டு. தொகையும் ஒரு சுழியும். மனமுவந்து குடுத்ததுக்கு யாரு புகார் குடுப்பாங்க?

துண்டைத் தொலைச்சிடாதீங்க. முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்து வைங்க. பேங்க்ல அந்த நாள் பணம் எடுத்திருந்தா பாஸ்புக் என்ட்ரியை அதோட சேர்த்து வைங்க.

18 ஆகஸ்ட், கொஞ்சம் கழிச்சு

நாலு வருஷ ஃபீஸ் கேக்கிறதுக்கு அவங்க சொல்ற காரணம், "சீட்டு காலியா போயிடுது, நஷ்டம்". சீட்டு காலியாகிற நஷ்டத்துக்காகத்தான் விலகுற தேதியைப் பொறுத்து அட்டவணையே போட்டிருக்காங்க. அதுக்கு மேல கேக்க வழி இல்ல. சான்றிதழ் ஒண்ணும் விற்கிற வாங்குற பொருள் இல்ல, பாக்கிக்கு அடமானமா பிடிச்சு வைக்க முடியாதுன்னு சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கு.

22 ஆகஸ்ட்

இழையில வேற ஒருத்தர், "எல்லாம் இந்த சுயநிதிக் காலேஜ் வந்த பிறகு வந்த வினை, கோர்ட்டும் கண்டுக்கல"ன்னு எழுதியிருக்கார். கோர்ட் கண்டுக்காம இல்லீங்க. 1992-ல மோகினி ஜெயின் வழக்கு. மீரட் பொண்ணு, கர்நாடகத்துல ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில இடம் கேட்டாங்க. அரசு ஒதுக்கீட்டுக்கு வருஷம் 2,000, கர்நாடகப் பிள்ளைகளுக்கு 25,000, வெளிமாநிலத்துக்கு 60,000. கேபிடேஷன் கட்டணம் சட்டத்துக்கு விரோதம்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. அடுத்த வருஷமே உன்னிகிருஷ்ணன் வழக்குல இலவச சீட்டு, கட்டண சீட்டுன்னு பாதிப் பாதியா ஒரு திட்டம் போட்டாங்க. 2002-ல டி.எம்.ஏ. பாய் வழக்குல 11 நீதிபதிகள் உக்காந்து அந்தத் திட்டத்தை எடுத்துட்டாங்க. 2005-ல இனாம்தார் வழக்கு. இத்தனை தடவை சீட்டுப் பங்கீடு மாறியும், கேபிடேஷன் கூடாதுங்கிறது மட்டும் மாறவே இல்ல.

நம்ம ஊர்ல இப்போ சிறுபான்மை இல்லாத சுயநிதிக் காலேஜ் 65 சதவீதத்தைக் கவுன்சிலிங்குக்குத் தரணும், சிறுபான்மைக் காலேஜ் 50. மீதி மேனேஜ்மென்ட். கட்டண நிர்ணயக் குழு 2017-ல போட்டது கவுன்சிலிங் சீட்டுக்கு 50,000, தரச்சான்று இருந்தா 55,000. மேனேஜ்மென்ட்டுக்கு 85,000, தரச்சான்று இருந்தா 87,000. உங்க ரசீதுல 85,000 கச்சிதமா நிக்குது பாருங்க. அதுக்கு மேல வாங்கின எதுவும் தாள்ல இருக்காது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவர் தாளைத்தான் பார்ப்பார். மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்த உங்க அம்மாவுக்குத்தான் மிச்சம் தெரியும். அவங்களை இதுவரைக்கும் யாரும் கேக்கல, அவங்களும் எழுதல. என் 11 வருஷத்துல நான் கண்டது இதுதான்.

23 ஆகஸ்ட்

அம்மா ஒத்துக்கலையா? "பணம் போனா போகட்டும், பகை வேண்டாம்"னு சொல்றாங்களா? அவங்களைக் கட்டாயப்படுத்தாதீங்க. இனிமே எழுதுற கடிதத்துலயும் 50,000 பத்தி எழுதாம, சர்டிபிகேட்டையும் 85,000-ஐயும் மட்டும் கேளுங்க. ரெண்டையும் ஒண்ணாப் பின்ன வேண்டாம்.

29 ஆகஸ்ட்

"அப்படின்னா இன்ஸ்பெக்‌ஷன் எதுக்கு?"ன்னு கேட்டவருக்கு.

போன மாசம் அறப்போர் இயக்கம்னு ஊழலுக்கு எதிரா இயங்குற அமைப்பு வெளியிட்டதைப் பார்த்திருப்பீங்க. அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச 224 காலேஜ்கள்ல 353 பேராசிரியர்கள் ஒரே நேரத்துல ஒண்ணுக்கு மேற்பட்ட காலேஜ்ல வேலை பார்க்கிறதாக் கணக்கு. அதைக் கண்டுபிடிக்க அவங்க ரகசியமா எதையும் தோண்டல. பல்கலைக்கழக இணையதளத்துலயே இருந்த பட்டியலை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டாங்க.

படிச்சதும் எனக்குத் தூக்கம் வரல. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் எங்க காலேஜ் பஸ் ஒண்ணு வெளியூர் போகும். காலையில முப்பது பேர் இறங்குவாங்க. சேலை கட்டிக்கிட்டு, கையில ஃபைலோட. நான்தான் அவங்களுக்கு ஐ.டி. கார்டு லேமினேட் பண்ணிக் குடுப்பேன். மெஷின்ல இருந்து வந்த சூட்டோட கழுத்துல மாட்டிக்குவாங்க. ஒரு அம்மாவுக்கு எந்த டிபார்ட்மென்ட்னு சொல்லிக்குடுக்க மறந்துட்டோம். "நான் சிவிலா, இ.சி.இ.யா?"ன்னு என்கிட்டயே வந்து கேட்டாங்க. பி.எச்டி. முடிச்சவங்க அவங்க. வேலை இல்ல, இந்த ஒரு நாளுக்கு ஆயிரமோ ரெண்டாயிரமோ. அவங்க மேல எனக்குக் கோபம் வரல, இப்பவும் வரல.

அந்த ஆசிரியர்கள் இருக்காங்கன்னு காட்டித்தான் சீட்டு எண்ணிக்கைக்கு அனுமதி வருது. அந்த எண்ணிக்கையிலதான் உங்க தம்பிக்கு மே மாசம் ஒரு சீட்டு வித்தாங்க. இன்ஸ்பெக்‌ஷனும் அட்மிஷனும் வேற வேறன்னு எனக்குத் தோணல.

3 செப்டம்பர்

தனிச்செய்தியில ஒரு தாய் கேட்டது. பேர் இல்லாம இங்கயே பதில் சொல்றேன், இன்னும் நிறைய பேருக்கு உதவும்.

பட்டியல் இனப் பிள்ளை, கவுன்சிலிங் சீட்டு, "ஃபீஸைக் கட்டுங்க, ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தர்றோம்"ன்றாங்களாம். அம்மா, 2012-ல வந்த 92-ஆம் எண் அரசாணை இருக்கு. எஸ்.சி., எஸ்.டி., கிறிஸ்துவத்துக்கு மாறின ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள இருந்தா, அரசு நிர்ணயிச்ச கட்டணத்தை அரசே ஏத்துக்குது. ஆணையோட எண்ணைச் சொல்லிக் கேளுங்க, "அந்த ஸ்காலர்ஷிப்"னு சொல்லாதீங்க. எண் சொன்னா எதிர்ல இருக்கிறவர் குரல் மாறும், அதை நான் அந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கேன். மத்திய அரசோட பங்கு இப்போ பிள்ளையோட பேங்க் கணக்குக்கே வருது, அது வந்ததும் காலேஜுக்குக் கட்டிடுங்க, அதுல மட்டும் தாமதம் வேண்டாம். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு ஒரு மனு குடுத்து வைங்க.

இன்னொருத்தர் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் இதெல்லாம் பொருந்துமான்னு கேட்டார். யு.ஜி.சி. சொல்ற ஒரிஜினல் விதியும் பணம் திருப்புற விதியும் பொருந்தும். 85,000 கணக்கு பொருந்தாது, அது மாநிலக் குழு போட்டது.

9 செப்டம்பர்

பதில் வந்துடுச்சுன்னு போட்டோ போட்டிருக்கீங்க: "சான்றிதழ்கள் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு சேர்க்கை ஒப்புதலுக்காக அனுப்பப்பட்டுள்ளன."

ஆகஸ்ட் 14-ல நான் கொஞ்சம் ஒரேயடியா எழுதிட்டேன், அதைத் திருத்தணும். சேர்க்கை ஒப்புதல்னு ஒண்ணு இருக்கிறது நிஜம். நாங்களும் கவர்களைப் பெட்டியில அடுக்கி வேன்ல எடுத்துட்டுப் போவோம். ஆனா சாயங்காலமே அதே வேன்ல திரும்பி வந்துடும். மறுநாள் காலையில நான் பச்சை நோட்டோட சரிபார்த்து பீரோவுல வைப்பேன். வாரக்கணக்குல அங்க இருக்காது. அதுவும் விலகிட்டேன்னு எழுதிக் குடுத்த பையனோட சேர்க்கைக்கு என்ன ஒப்புதல் வேண்டிக் கிடக்கு?

திரும்ப ஒரு கடிதம். "எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் அனுப்பப்பட்டது என்று தெரிவிக்கவும்." இதை மட்டும் கேளுங்க. இயக்ககத்துக்கு ஆர்.டி.ஐ.யில 10 ரூபா கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி அதே கேள்வி.

10 செப்டம்பர்

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமான்னு கேட்டவருக்கு: முதல் படியா அங்க போகாதீங்க. கல்வி நிறுவனம் சேவை தர்றவங்களான்னு அங்க முதல் வாதமே ஓடும். கல்வி நுகர்பொருள் இல்லைன்னு 2010-ல உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. உங்களுக்கு நாள் இல்ல.

2023-ல வந்த யு.ஜி.சி. மாணவர் குறைதீர்ப்பு விதிமுறையைப் பிடிங்க. சான்றிதழைத் தராம வெச்சிருக்கிறது அதுல குறைன்னே எழுதியிருக்கு. காலேஜ்ல மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கணும், 15 வேலை நாளுக்குள்ள அறிக்கை தரணும். தரலைன்னா பல்கலைக்கழக ஆம்புட்ஸ்பர்சன், அதாவது மேல்முறையீட்டைக் கேக்கிற குறைதீர்ப்பு அலுவலர். யு.ஜி.சி.யோட இ-சமாதான் தளத்துலயும் புகாரைப் பதிஞ்சு, அந்த எண்ணைக் கடிதத்துல எழுதுங்க.

20 செப்டம்பர்

ஒப்புகை அட்டை வந்த தேதி ஆகஸ்ட் 21. நல்லது. செப்டம்பர் 30-க்கு முன்னாடி விலகினதுக்கு அதுதான் அத்தாட்சி. அந்த அட்டையை மடிக்காம வைங்க.

4 அக்டோபர்

உங்க மெசேஜ் பார்த்தேன். இந்த இழையைப் படிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்லிடறேன்: குறைதீர்ப்புக் குழுவுக்குப் புகார் போய் ஒன்பதாவது நாள் காலேஜ்ல இருந்து போன். போய் வாங்கிட்டாங்க. 85,000-க்கு செக். பேங்க்ல போட்டாச்சு, பணமும் ஏறிடுச்சு. 50,000 வரல, அம்மா வேண்டாம்னுட்டாங்க.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி தம்பி ஒவ்வொரு சர்டிபிகேட்டா எண்ணிப் பார்த்ததுல ரொம்ப சந்தோஷம். "எனக்கு இக்கல்லூரியிடம் எந்தக் கோரிக்கையும் இல்லை"ங்கிற வரியை அடிச்சுட்டு, "மூன்று அசல் சான்றிதழ்களும் ரூ. 85,000 காசோலையும் பெற்றுக்கொண்டேன்"னு மட்டும் எழுதினானே, அதை நான் சொல்லிக்குடுக்கல. அம்மா மனசு மாறினா அந்த 50,000-க்கு இன்னும் வழி இருக்கு.

பத்தாவது மார்க் ஷீட் ஓரத்துல பஞ்ச் பண்ணின ரெண்டு ஓட்டை இருக்கு, செல்லுமான்னு கேட்டிருக்கீங்க. எழுத்து, நம்பர், முத்திரை மேல படலைன்னா செல்லும். லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க. அரசு காலேஜ்ல காட்டிட்டு, கையோட வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுங்க.